கூட்டத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்?

சித்ரா பௌர்ணமி. விடிய இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. வைகைக் கரையில் எள் போட்டால் எள் விழாது. அழகர்மலையிலிருந்து வந்த கள்ளழகர் ஆற்றில் இறங்கப் போகிறார். சர்க்கரைச் செம்பில் தீபம் ஏந்திய பெண்கள், வேடம் போட்டுத் தண்ணீர் பீச்சுகிறவர்கள், மொட்டை அடித்த தலைகள், தகப்பன்மார் தோளில் குழந்தைகள். "கோவிந்தா" கோஷத்துக்கு நடுவே ஒலிபெருக்கி அலறுகிறது.

"பச்சைச் சட்டை, நீல நிற டிராயர் போட்ட நாலு வயதுப் பையன். பெயர் குமார் என்று சொல்கிறான். பெற்றோர் உடனே போலீஸ் பந்தலுக்கு வரவும்."

மதுரைக்காரர்களில் இந்த மாதிரி அறிவிப்பைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. சற்று நேரத்தில் ஒரு தாய் அழுதுகொண்டே ஓடி வருவாள். பிள்ளையை வாரி அணைப்பாள். அதட்டுவாள், முத்தமிடுவாள். சுற்றி நிற்பவர்களுக்கும் கண் கலங்கும். கதை சுபமாக முடியும்.

ஆனால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பையனின் வயது, சட்டை நிறம், பெயர் எல்லாவற்றையும் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் பந்தலுக்கு வந்து, "குமார், வாடா ராஜா" என்று கூப்பிடலாம். நாலு வயதுப் பிள்ளை, பயத்தில் யார் கையை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும். வந்தவர் தகப்பனாரா, சித்தப்பாவா, வேறு யாரோவா? அதை விசாரிக்க வேண்டியது யார்? பிள்ளையை இன்னாரிடம் ஒப்படைத்தோம் என்று எழுதி வைக்கிற நோட்டுப் புத்தகம் உண்டா?

இந்தக் கேள்விகள் திருவிழாவுக்கு மட்டும் உரியவை அல்ல. கல்யாண மண்டபம், கோயில் பிரகாரம், தர்கா, சர்ச் மைதானம், கோடை வகுப்பு, டியூஷன் சென்டர், பொருட்காட்சி, நூலகம் என்று நாலு பேர் கூடும் இடம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வீட்டில் குழந்தையைத் தாய் பார்த்துக்கொள்கிறாள். அவள் அசந்தால் அப்பத்தா பார்க்கிறாள். ஆயிரம் பேர் கூடிய இடத்தில் என்ன ஆகிறது? தாய், மாமன் பார்ப்பார் என்று நினைக்கிறாள். மாமன், மண்டபத்துக்காரர் பார்ப்பார் என்று நினைக்கிறார். மண்டபத்துக்காரர், "வந்தவர்கள் அவரவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே" என்கிறார். எல்லோரும் இருக்கிறார்கள், பார்ப்பதற்கு என்று ஒருவரும் இல்லை.

நம் நாட்டில் பொது இடங்களில் குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும், மனநலம் குன்றியவர்களுக்கும் நேர்ந்த துன்பங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றின் அடியில் இந்த ஒரே காரணம்தான் கிடக்கிறது. சிலவற்றைப் பார்ப்போம்.

நெரிசலில் நடப்பது என்ன?

2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களும் கொரோனா காரணமாகச் சித்திரைத் திருவிழாவில் ஜனங்கள் கூட வழியில்லாமல் போயிற்று. 2022-ல் தடை நீங்கியது. இரண்டு வருஷ ஏக்கத்தையும் சேர்த்துக்கொண்டு ஜனங்கள் திரண்டார்கள். ஏப்ரல் 16-ந் தேதி அதிகாலை, அழகர் ஆற்றில் இறங்கிய வேளையில் ஏற்பட்ட நெரிசலில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். பலர் மயங்கி விழுந்தார்கள்.

2025 செப்டம்பர் 27-ந் தேதி கரூரில் நடந்த அரசியல் கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் மாண்டதை நாடே கண்டு கலங்கியது. மாண்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டுத்தான் இறக்கிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நின்ற இடத்திலேயே நெஞ்சு அமுக்கப்பட்டு, மூச்சு இழுக்க இடம் இல்லாமல் இறக்கிறார்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள இடத்தில் ஐந்து பேருக்கு மேல் நின்றாலே அபாயம் தொடங்குகிறது என்று கூட்டங்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கு மேல் நெருங்கினால், மனிதன் தன் இஷ்டப்படி நகர முடியாது. வெள்ளத்தில் அகப்பட்ட கட்டையைப் போலக் கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் போவான்.

இதில் குழந்தையின் நிலை என்ன? பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் அதன் முகம் இருக்கிறது. காற்று கிடைப்பதில்லை. கத்தினாலும் குரல் மேலே வருவதில்லை. கைத்தடி ஊன்றி நிற்கும் கிழவருக்கும் இதே கதிதான். ஆகவே, "எல்லோருக்கும் செய்த ஏற்பாடு அவர்களுக்கும் போதும்" என்று சொல்வது தவறு. பலசாலிக்குப் போதுமான வழி பலவீனருக்குப் போதாது. அவர்களுக்கென்று தனி இடமும், தனி வழியும், தனி ஆளும் வேண்டும்.

கூரையும் மாடிப்படியும்

கட்டிடத்தின் கதையும் இதுதான். 1964 ஏப்ரல் 4-ந் தேதி மதுரையில் சரஸ்வதி பள்ளிக் கட்டிடம் இடிந்து விழுந்து 30-க்கு மேற்பட்ட மாணவிகள் மடிந்தார்கள். வயதான மதுரைக்காரர்கள் இன்றும் அந்த நாளை மறக்கவில்லை.

2004-ம் வருஷம் தமிழ்நாட்டுக்கு இரட்டைச் சோகம். ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்தது. மணமகன் உட்பட 50-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இறங்கி ஓடப் போதிய வழி இல்லை. ஆறு மாதம் கழித்து, ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் கருகினார்கள்.

இந்த இடங்களுக்கு முன்பே எத்தனையோ பேர் வந்து போயிருப்பார்கள். குறுகலான படியும், காய்ந்த கீற்றும் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. பார்த்தவர்கள் பலர், "இது ஆகாது" என்று சொல்ல வேண்டிய பொறுப்பு தனக்கு உண்டு என்று நினைத்தவர் இல்லை.

காகிதத்தில் செத்த குழந்தை

கூட்டமும் தீயும் கண்ணுக்குத் தெரியும் அபாயங்கள். கண்ணுக்குத் தெரியாத அபாயம் ஒன்று உண்டு. அது நல்ல பெயரோடு வருவது.

2021 ஜூன் மாதம். கொரோனாவின் இரண்டாவது அலை அடித்து ஓய்ந்துகொண்டிருந்த நேரம். மதுரையில் இதயம் அறக்கட்டளை என்ற பெயரில் ஆதரவற்றோருக்கான விடுதி ஒன்று நடந்து வந்தது. மனநலம் பாதித்த ஓர் இளந்தாய் தன் குழந்தைகளோடு அங்கே தங்கவைக்கப்பட்டிருந்தாள். அவளுடைய ஒரு வயது ஆண் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டது என்றும், தத்தனேரி மயானத்தில் அடக்கம் செய்தாயிற்று என்றும் விடுதியில் சொன்னார்கள். அதற்குக் காகிதமும் காட்டினார்கள்.

சமூக சேவையில் ஈடுபட்ட ஒருவருக்குச் சந்தேகம் தட்டியது. அவர் சும்மா இருக்கவில்லை. புகார் கொடுத்தார். அதிகாரிகள் விசாரித்தார்கள். காகிதம் போலி என்று தெரிந்தது. குழந்தை சாகவில்லை, பணத்துக்கு விற்கப்பட்டிருக்கிறது என்று போலீஸார் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தையும், அதே விடுதியிலிருந்து கைமாறியிருந்த இன்னொரு பெண் குழந்தையும் மதுரையிலேயே உயிரோடு மீட்கப்பட்டார்கள். விடுதி நிர்வாகி உட்படப் பலர் கைதானார்கள்.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தாய்க்குக் கேள்வி கேட்கத் தெரியாது. கேட்டாலும், "புத்தி சரியில்லாதவள்" என்று தள்ளிவிடுவார்கள். அவளுக்காகக் கேட்க வெளியே ஒரு மனிதர் இருந்தார். அவர் ஒருவர் இல்லாவிட்டால் அந்தக் குழந்தை என்றைக்கும் காகிதத்தில் செத்ததாகவே இருந்திருக்கும்.

தர்மம் செய்கிற இடம் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்கக் கூடாது. அரிசி மூட்டை கொடுக்கிறோம், பிறந்த நாளுக்குச் சாப்பாடு போடுகிறோம். அதோடு, "போன மாதம் இங்கே எத்தனை குழந்தைகள் இருந்தார்கள்? இப்போது எத்தனை பேர்? அந்தச் சுருட்டை முடிக்காரி எங்கே?" என்றும் கேட்க வேண்டும். நேர்மையாக நடத்துகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பதிவேட்டை எடுத்துக் காட்டுவார்.

சங்கிலியில் போன உயிர்கள்

மதுரையிலிருந்து இராமநாதபுரம் வழியாகத் தெற்கே போனால் ஏர்வாடி. அங்குள்ள தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போவார்கள். மனநலம் பாதித்தவர்களை அங்கே தங்கவைத்தால் குணமாகும் என்பது பல தலைமுறை நம்பிக்கை. குடும்பத்தார் கூடவே தங்க முடியாது. ஆகவே தர்காவைச் சுற்றித் தனியார் பலர் விடுதிகள் வைத்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பார்த்துக்கொண்ட விதம், சங்கிலியால் கட்டிப் போட்டதுதான்.

2001 ஆகஸ்ட் 6-ந் தேதி அதிகாலை அத்தகைய ஒரு விடுதியின் கொட்டகையில் தீப்பிடித்தது. கட்டிப் போட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு அரசு விழித்துக்கொண்டது. அந்த மாதிரி விடுதிகள் சில நாட்களுக்குள் மூடப்பட்டன. அங்கிருந்த நூற்றுக்கணக்கானவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சுப்ரீம் கோர்ட் தானாகவே இந்த விஷயத்தை விசாரணைக்கு எடுத்தது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று திட்டவட்டமாகத் தடுக்கிறது.

ஏர்வாடியில் பின்னர் ஒரு நல்ல வழி பிறந்தது. வேண்டுதலுக்கு வருகிறவர்களை வராதே என்று விரட்டவில்லை. வரும் இடத்திலேயே மனநல டாக்டரைப் பார்க்கவும், மருந்து வாங்கவும் ஏற்பாடு செய்தார்கள். மருந்தும் வேண்டுதலும் சேர்ந்து நடக்கட்டும் என்பது அதன் கருத்து. நம்பிக்கையைப் புண்படுத்தாமலே நோயாளியைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இது உதாரணம்.

தெரிந்த முகத்தின் ஆபத்து

"அந்நியரிடம் பேசாதே, மிட்டாய் கொடுத்தால் வாங்காதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் குழந்தைகளிடம் தகாத முறையில் நடந்துகொள்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்நியர்கள் அல்லர், குழந்தைக்குத் தெரிந்தவர்கள். போலீஸ் கணக்குகள் வருஷா வருஷம் இதையே காட்டுகின்றன. உறவினராக இருக்கலாம், அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம், பாட்டு வாத்தியாராக இருக்கலாம், விளையாட்டு மாஸ்டராக இருக்கலாம், வேனில் கூட்டிப் போகிறவராக இருக்கலாம்.

இப்படிப்பட்டவர் முரடராக வருவதில்லை. குழந்தைகளுக்கு உபகாரம் செய்கிறவராக வருவார். "நீங்கள் போங்கள் அக்கா, பாப்பாவை நான் கொண்டுவந்து விடுகிறேன்" என்பார். பரிசு கொடுப்பார். "அம்மாவிடம் சொல்லாதே, இது நமக்குள் ரகசியம்" என்று பழக்குவார். அந்த ஒரு சொல்தான் அபாய அறிவிப்பு. பெரியவர் ஒருவர் குழந்தையிடம் ரகசியம் காக்கச் சொல்கிறார் என்றால் உடனே காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் சோஹம் என்ற சிற்றூரில் 2002-ம் வருஷம் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொலையுண்டார்கள். கொன்றவன் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் காவலாளி. அவன் மீது வேறோர் ஊரில் முன்பே பல புகார்கள் இருந்தன. ஒரு ஊர்ப் போலீஸுக்குத் தெரிந்தது, இன்னொரு ஊர்ப் பள்ளிக்குத் தெரியவில்லை. விசாரணைக் கமிட்டி வைத்தார்கள். 2006-ல் புதிய சட்டமே கொண்டுவந்தார்கள். குழந்தைகளோடும், தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாதவர்களோடும் வேலை செய்ய வருகிறவரின் பழைய சரித்திரத்தைப் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்வது என்பது இன்று அங்கே சாதாரண நடைமுறை.

"அது வெள்ளைக்காரர் நாடு, இங்கே அதெல்லாம் ஏது?" என்று கேட்கலாம். இங்கேயும் உண்டு. அதுதான் பலருக்குத் தெரியாத செய்தி.

சட்டம் இருக்கிறது, வழக்கம் இல்லை

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம் 2012 நவம்பர் 14-ந் தேதி, குழந்தைகள் தினத்தன்று அமலுக்கு வந்தது. 18 வயது நிறையாத ஆண், பெண் எல்லோரும் இந்தச் சட்டப்படி குழந்தைகளே. இதன் கீழ் 2020-ல் வகுத்த விதிகள் என்ன சொல்கின்றன தெரியுமா? பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி நிலையம் முதலாகக் குழந்தைகள் வழக்கமாக வந்து போகும் எந்த நிலையமானாலும் சரி, அங்கே குழந்தைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரையும் பற்றிப் போலீஸ் மூலம் விசாரித்துக்கொள்ள வேண்டும். அதையும் ஒரு தடவையோடு விடாமல் அவ்வப்போது செய்ய வேண்டும். நிரந்தர ஊழியர் என்றும், தற்காலிக ஊழியர் என்றும் வித்தியாசம் இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். குழந்தைக்கு இப்படி ஒரு தீங்கு நடந்திருக்கிறது என்று தெரிந்தவர் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் தலைவர், தமக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது.

ஆகவே, "கோயில் பெயர் கெட்டுவிடும், சங்கத்தின் மானம் போய்விடும், பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று பஞ்சாயத்து செய்வதே குற்றம். பெயர் கெடுவது தீங்கு நடந்ததனால், சொன்னதனால் அல்ல.

புகார் கொடுத்தால் பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்களோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். சட்டம் அதற்கும் வழி சொல்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டரே வாங்க வேண்டும். வாங்குகிற அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது. குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. குழந்தை யார் என்று தெரியும்படி பத்திரிகைகள் வெளியிடக்கூடாது.

காணாமல் போய்க் கிடைத்த குழந்தைக்கும் சட்டம் உண்டு. அது 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். பெற்றோரைப் பிரிந்து, கேட்பாரற்று நிற்கும் குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்கோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். "பாவம், அனாதைப் பிள்ளை, நாமே வளர்ப்போம்" என்று வீட்டுக்குக் கொண்டுபோவது கருணையால் செய்தாலும் சட்ட விரோதமே. குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த விடுதியும் இந்தச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும்.

இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் நிறைவேறவில்லை? சட்டம் காகிதத்தில் இருக்கிறது. மண்டபத்து வாசலில் ஆள் இல்லை. கோடை விடுமுறையில் கராத்தே சொல்லித்தர ஒருவர் வந்தால், வாடகை எவ்வளவு தருவார் என்று மட்டும் கேட்கிறோம். அவர் இதற்கு முன் எங்கே சொல்லிக் கொடுத்தார், ஏன் அங்கிருந்து வந்தார் என்று கேட்பதில்லை.

என்ன செய்யலாம்?

கலெக்டரும் போலீஸும் வந்து செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மேலூரில் ஒரு கோயில் கமிட்டியானாலும், உசிலம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபமானாலும், ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

முதலாவது, பெயர். "இன்று இந்த இடத்தில் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பொறுப்பு இன்னார்" என்று ஒரு ஆணின் பெயரையும், ஒரு பெண்ணின் பெயரையும் போன் நம்பரோடு வாசலில் எழுதி வையுங்கள். பெயர் எழுதின உடனே அவர் கண் தானாகச் சுற்றிப் பார்க்க ஆரம்பிக்கும். "கமிட்டி பொறுப்பு" என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது, ஒலிபெருக்கி. குழந்தை கிடைத்திருக்கிறது என்று மட்டும் அறிவியுங்கள். ஆணா, பெண்ணா, சுமார் வயது என்ன என்பது போதும். பெயரையும் உடையையும் அடையாளங்களையும் வெளியிடாமல் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். உரிமை கோரி வருகிறவரிடம் அவற்றைக் கேளுங்கள். கழுத்தில் என்ன கயிறு, காலில் கொலுசு உண்டா, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்? பெற்றவளுக்கு நொடியில் பதில் வரும். பிறகு பெயர், விலாசம், போன் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். எழுதத் தெரியாதவரிடம் கைநாட்டு. சந்தேகம் இருந்தால் போலீஸ் வரும் வரை பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, தனி அறை கூடாது. பாட்டோ, டியூஷனோ, விளையாட்டோ, கதவைச் சாத்திக்கொண்டு ஒரே பெரியவர் ஒரே குழந்தையோடு இருக்கும்படி விடாதீர்கள். கதவு திறந்திருக்கட்டும், அல்லது இன்னொருவர் இருக்கட்டும். இது வாத்தியாரை அவமதிப்பது அல்ல. வீண்பழியிலிருந்து அவரையும் காப்பாற்றும்.

நான்காவது, வழி. கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா? மாடிப்படியில் சாமான்களை அடுக்கியிருக்கிறீர்களா? பந்தி நடக்கும்போது பின்கதவு பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? விசேஷம் தொடங்கும் முன் ஒரு தடவை நடந்து பாருங்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, கைத்தடி ஊன்றின தாத்தாவோடு நடந்து பாருங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

ஐந்தாவது, முதியவர்கள். திருவிழா முடிந்து பந்தல் பிரித்த பிறகும் கோயில் வாசலில் ஒரு கிழவி உட்கார்ந்திருப்பாள். "மகன் வந்து கூட்டிப் போவான்" என்பாள். மகன் வர மாட்டான். பெற்றோரைப் பராமரிக்கும் 2007-ம் வருஷத்துச் சட்டப்படி, முதியவரைக் கைவிடுவது மூன்று மாதம் வரை சிறை வைக்கக்கூடிய குற்றம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது. ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த எண்ணுக்கும் ஒரு போன் செய்துவிடுங்கள். மனநலம் சம்பந்தமான யோசனைக்கு 14416. எந்த அவசரத்துக்கும் 112.

வீட்டில் செய்ய வேண்டியது

திருவிழாவுக்குப் புறப்படும்போது பிள்ளையின் சட்டைப் பைக்குள் போன் நம்பர் எழுதிய சீட்டை வையுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம், உள்ளே வையுங்கள். தொலைந்து போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், காக்கிச் சட்டைக்காரரையோ, பிள்ளையோடு இருக்கும் ஒரு தாயையோ கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். ஆற்றில் அழகர் இறங்கும் இடத்துக்கு மிக அருகே கைக்குழந்தையோடு போகாதீர்கள். சாமி எங்கிருந்து கும்பிட்டாலும் பார்ப்பார்.

உடம்பின் எந்தப் பகுதியைப் பிறர் தொடக்கூடாது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெண் பிள்ளைக்கு மட்டும் அல்ல, ஆண் பிள்ளைக்கும் சொல்லுங்கள். "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல வீட்டிலேயே பழகாத பிள்ளை வெளியில் எப்படிச் சொல்லும்?

பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். "சீ, அவரா? அவர் எவ்வளவு நல்லவர்!" என்று வாயை அடைக்காதீர்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று அதட்டாதீர்கள். "சொன்னாயே, நல்ல காரியம் செய்தாய். உன் மேல் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். பிறகு 1098-க்கோ போலீஸுக்கோ தெரிவியுங்கள்.

சந்தேகமும் அன்பும்

"இப்படி எல்லோரையும் சந்தேகித்தால் ஊர் ஊராக இருக்குமா? திருவிழாவில் என்ன சந்தோஷம்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் ஊர்களின் அழகே, யார் பிள்ளையையும் யாரும் தூக்கிக் கொஞ்சலாம் என்பதுதானே!

அந்த அழகு போக வேண்டியதில்லை. பணத்தை எண்ணி வாங்குகிறோம். கொடுத்தவரை அவமதித்ததாக யாரும் நினைப்பதில்லை. நகைக்கு ரசீது வாங்குகிறோம். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறோம். ஐம்பத்தொரு ரூபாய் மொய்க்கு நோட்டுப் போட்டு, பெயர் எழுதி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கிறார். அந்த மண்டபத்தில் ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு ஒரு நோட்டு, ஒரு ஆள் வைப்பது அதிகமா?

அடுத்த சித்திரையில் அழகர் மறுபடியும் ஆற்றில் இறங்குவார். லட்சக்கணக்கான ஜனங்கள் வருவார்கள். கையை விட்டுப் பிரிந்த பிள்ளை ஒன்று போலீஸ் பந்தலில் நின்று விம்மும். ஒலிபெருக்கி அழைக்கும். தாய் ஓடி வருவாள். பந்தலில் இருப்பவர் அவளை உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "வீட்டில் பிள்ளையை எப்படியம்மா கூப்பிடுவீர்கள்?" என்று கேட்பார். அந்தத் தாய் கோபித்துக்கொள்ளக் கூடாது. தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்தக் கூட்டத்தில் ஒருவர் இருந்தார் என்று நன்றியோடு நினைக்க வேண்டும்.